முந்நூறு ஏக்கர் கொடுத்த ஊர்

காரைக்குடி: கல்லூரிச் சாலை

காரைக்குடி ஆட்டோக்காரரிடம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார். ‘சிக்ரி’ என்று சொன்னால் வண்டி உடனே கிளம்பிவிடுகிறது. செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் அரண்மனை வீடுகளையும் கோழிக் குழம்பையும் தேடித்தான் வருவார்கள். ஆய்வக மதிலைப் பார்க்க வந்த ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

“எக்ஸாமா சார்?”

“இல்லண்ணே, சும்மா பாக்கலாம்னு.”

“உள்ள விட மாட்டாங்களே.”

“வெளிய இருந்து பாத்தாப் போதும்ணே.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லவும் என்னிடம் சுருக்கமான காரணம் இல்லை. என் ஊர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய முதலாளிகளை வரவழைக்க அரசு என்னென்ன கொடுக்கும் என்பது எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பேச்சு. 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2005-இல் நோக்கியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் உற்பத்தி ஆரம்பித்துவிட்டது. நிலம், தடையில்லாத மின்சாரம், தண்ணீர், சாலை, கட்டிய வரியைத் திருப்பித் தருவது என்று சீர்வரிசை நீளம். அந்தச் சீரில் முதல் தட்டில் இருப்பது எப்போதும் நிலம்தான். அது யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை ஒப்பந்தத் தாளில் தேடினால் கிடைக்காது.

காரைக்குடியும் இப்படிச் சீர் கொடுத்து ஒரு நிறுவனத்தை வரவழைத்த ஊர்தான். ஆனால் கொடுத்த விதம் வேறு. அதைப் படித்ததிலிருந்து அந்த மண்ணில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று இருந்தது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நாடு முழுக்கத் தேசிய ஆய்வகங்கள் அமைக்க அரசு முடிவு செய்தது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதற்குத் தலைமை தாங்கினார். இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்குப் பூனா, உலோகவியலுக்கு ஜாம்ஷெட்பூர் என்று இடங்கள் முடிவாயின. எல்லாமே ஏற்கெனவே பெயர்பெற்ற நகரங்கள். அந்த வரிசையில் ஆறும் இல்லாத, ஆலையும் இல்லாத, செம்மண் பொட்டலில் கிடந்த காரைக்குடி எப்படி வந்தது? கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்றார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, குடியரசுத் துணைத்தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார்.

1948-இல் 15 லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பதை நம் காலக் கணக்கில் சொல்வது கடினம். ஒன்று மட்டும் சொல்லலாம். பெங்களூரில் டாடா நினைத்த அறிவியல் நிறுவனம் அமைய மைசூர் மகாராஜா 371 ஏக்கர் கொடுத்தார். மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்துக்குச் செலுவாம்பா மாளிகை கிடைத்தது. அங்கெல்லாம் கொடுத்தது ராஜ்ஜியம். இங்கே கொடுத்தவர் ஒரு தனி ஆள்.

மதிலுக்கு வெளியே நின்று பார்த்தால் மரங்கள்தான் தெரிகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதை எதிர்ச்சாரிப் பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த, பணி ஓய்வு பெற்ற டெக்னீஷியன் ஒருவர் சொன்னார். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, பேட்டரி, உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகளுக்கான டைட்டானியம் மின்வாய், இதுதான் இவர்கள் வேலை. மண்டபத்தில் கடலோரமாக ஒரு நிலையம் வைத்து உப்புக்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“எங்கப்பா இந்தக் கட்டடத்துக்குச் சித்தாளா வந்தவரு தம்பி. நான் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு உள்ள போனேன். எம் மக இங்கனயே பி.டெக். படிச்சா.” மூன்று தலைமுறையை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிறகு, “ஒங்க பக்கம்லாம் கம்பெனி நெறைய இருக்குமே?” என்று கேட்டார்.

இருக்கிறது. நோக்கியா இருந்தது என்று சொன்னேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், நீலச் சட்டை போட்டுக் கம்பெனி பஸ்ஸில் போனார்கள். வரி வழக்கு வந்தது, உலகச் சந்தையில் அந்தப் போன் விழுந்தது, 2014 நவம்பர் 1 அன்று கதவைச் சாத்தினார்கள். ஆலை தொடங்கி 9 வருடம்கூட ஆகவில்லை. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, பிறகுதான் வேறு கைக்கு மாறியது. “இது கவர்மெண்டு. எங்க போகும்?” என்று அவர் ஆய்வகத்தைக் கைகாட்டினார். அரசு ஆய்வகம் பக்கத்து மாநிலத்தில் வரிச்சலுகை அதிகம் என்று மூட்டை கட்டாது, உண்மைதான். அதே சமயம், அரசு ஆய்வகம் ஒரே வருடத்தில் ஆயிரம் பேருக்கு வேலை கொடுப்பதும் இல்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

கோட்டையூர்

காரைக்குடியிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். அழகப்பர் 1909-இல் பிறந்த ஊர். விமானம் ஓட்டப் பழகியவர், சொந்தமாக விமான நிறுவனம் நடத்தியவர், அன்றைய கொச்சி ராஜ்ஜியத்தில் பஞ்சாலை வைத்தவர். திருச்சூர் பக்கத்தில் அந்த இடத்துக்கு இன்றும் அழகப்பா நகர் என்றுதான் பேர். 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி. பிறகு பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், பெண்கள் கல்லூரி என்று அடுக்கிக்கொண்டே போனார். பெண்கள் கல்லூரிக்கு இடம் கேட்டபோது தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். 1957 ஏப்ரலில், 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னால் இறந்துபோனார். 1985-இல் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் வந்தது.

ஊரணிக்கரையில் ஒரு ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவைக் கரண்டியில் மொண்டு எண்ணெயில் ஊற்றுகிறார். அது ஒரு விநாடி அடியில் கிடக்கிறது, பிறகு ஓரம் சுருங்கி நடு உப்பி மேலே வருகிறது. நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்தால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. கூட வரமிளகாய்த் துவையல். காஞ்சிபுரத்துக் கோவில் இட்லியில் வளர்ந்த நாக்குக்கு அந்தக் காரம் சற்று அதிகம். “தண்ணி குடிக்காதிய, இன்னொண்ணு சாப்பிடுங்க, அடங்கிடும்” என்றார் ஆச்சி. அடங்கத்தான் செய்தது.

அழகப்பரைப் பற்றிக் கேட்டேன். “மகராசன். குடுத்துட்டுத்தானே போனாரு” என்றதோடு முடித்துக்கொண்டு அடுத்த ஈடு ஊற்றப் போய்விட்டார்.

கானாடுகாத்தான்

இங்கே எல்லோரும் படம் எடுக்கும் வீடுகள். மொகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரும் நீளம். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர்கள். இதெல்லாம் பலரும் எழுதியாகிவிட்டது. எனக்கு அங்கே பிடித்தது, பூட்டிக் கிடந்த வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்ன கணக்கு.

“இந்த வீட்டுக்கு எத்தன புள்ளின்னு நெனைக்கிறீக?” புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம், நகரத்தார் என்கிற இந்த ஊர்ச் செட்டியார்கள் கணக்கில் கோவில் வரியும் அதன்படிதான். நான் பத்து என்றேன். சிரித்தார். தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து, சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர், அமெரிக்காவில் சிலர் என்று பங்காளிகள் முப்பதைத் தாண்டிவிட்டார்களாம். வருடத்தில் ஒருமுறை முன்னோருக்குப் படைப்புப் போடக் கூடுவதோடு சரி. வீட்டை விற்க வேண்டுமானால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். “ஒருத்தர் மாட்டேன்னா அம்புட்டுத்தான். அப்பிடியே கெடக்கும். ஒரு ஓட்டல்காரரு நாலு வருசமா அலையிறாரு.”

எங்கள் நைனாவின் நிலத்தை எடுத்தபோது ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை. இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஏரிப்பாசனம், சம்பா மட்டும். தொழிற்பூங்காவுக்கு என்று நோட்டீஸ் வந்தது, விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்தது கோப்பில் இருக்கும்.

சட்டம் அப்படி. தொழிலுக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. 2013-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த புதிய நில எடுப்புச் சட்டம், தனியார் நிறுவனத்துக்கு எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும், ஊருக்கு என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பீடு நடத்த வேண்டும் என்றது. தமிழ்நாடு உடனே 105-ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, தொழில், நெடுஞ்சாலை, ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கான தன் மூன்று சட்டங்களை அந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. இழப்பீடு மட்டும் புதிய சட்டப்படி. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் புதிதாக ஒரு சட்டம் இயற்றி மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் அதைச் சரி என்று சொல்லிவிட்டது. முதலீட்டுக்கு ஓடும் மாநிலங்களின் பந்தயத்தில் சம்மதம் கேட்டு நிற்க நேரமில்லை என்பதுதான் இதன் சாரம். நான் இதை ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியின் குற்றமாகவும் பார்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒன்று.

ஓட்டல்காரர் நாலு வருடமாக அலைகிறார். சர்க்கார் நினைத்தால் நாலு மாதம்.

இவ்வளவு சொன்ன பிறகு அந்த வீட்டைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். இந்தத் தேக்குத் தூண் சும்மா கப்பலேறி வரவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்கு வட்டிக்குக் கொடுத்த பணம்தான் இந்த ஊர்களைக் கட்டியது. 1930-களில் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை படுத்தபோது, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் அடமானத்தில் மூழ்கிச் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் 25 சதவீதம். செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, கடனாளி கொடுக்க முடியாததால் வந்தது என்பது அவர்கள் தரப்பு. நிலத்தை இழந்த பர்மியருக்கு அந்த விளக்கம் எந்த அளவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்?

பிறகு சக்கரம் சுற்றியது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்தது. செட்டியார்கள் கணக்குப் புத்தகத்தோடு நடந்தும் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் போட்டது. வந்திருக்க வேண்டிய இழப்பீடு வந்து சேரவில்லை. அதே 1948-இல்தான் காரைக்குடிப் பொட்டலில் 300 ஏக்கருக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அடமானத்தில் எடுத்ததும், அரசிடம் பறிகொடுத்ததும், கையால் அள்ளிக் கொடுத்ததும் ஒரே சமூகத்தின் ஒரே தலைமுறைக்குள் நடந்திருக்கிறது. நிலம் கைமாறும் எல்லா வழியும் தெரிந்தவர்கள் இவர்கள்.

பெரியவர் மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கே கூப்பிட்டார். கடைசியில் கவுனி அரிசி இனிப்பு வந்தது. கறுப்பரிசி, வேகவைத்தால் கருநீலமாகிறது, தேங்காயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தது. “இதுவும் பர்மாலேருந்து வந்ததுதான்” என்றார் அவர் மனைவி.

ஆத்தங்குடி

தரைக்கல் செய்யும் பட்டறைகளின் ஊர். இங்கே கம்பெனி என்று எதுவும் இல்லை. வீட்டை ஒட்டிய கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர். அரசு எந்தச் சலுகையும் கொடுத்து வரவழைத்த தொழில் அல்ல இது.

நான் போன கொட்டகையில் ஒருவர் கண்ணாடித் துண்டு ஒன்றை எண்ணெய்த் துணியால் துடைத்தார். அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகர அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்: இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, சுற்றிலும் மஞ்சள். அச்சைத் தூக்கும்போது மூச்சுவிடாமல் இருக்கிறார். கோடு ஒன்றோடொன்று கலந்தால் கல் வீண். தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுகிறார், ஈரம் இழுக்கிறது. பிறகு ஈரக்கலவை, கொல்லூறால் இழைப்பு. மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார், சில நாள் கிடந்தபின் கண்ணாடி தானாக விட்டுக்கொள்கிறது. அந்தக் கண்ணாடியின் வழுவழுப்புத்தான் கல்லின் பளபளப்பு. மெருகு போடுவதே இல்லை.

“சூடான ஊருக்கு நல்லதுண்ணே. நடக்க நடக்கப் பளபளன்னு வரும்” என்றார். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். திருப்பூரில் இருக்கிறானாம். “டைல்ஸ் ஷோரூம்ல சேல்ஸ்மேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. கழனிவாசலில் நியோ டைடல் பூங்கா கட்டியிருக்கிறார்கள், கணினி வேலை இங்கேயே வரட்டும் என்று. அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். “வரட்டுமே. பொம்பளப் புள்ளைக வெளியூரு போகவேணாம்” என்றார். கொட்டகைக்கு ஆள் கிடைக்காமல் போகுமே என்றதற்கு, “இப்ப மட்டும் கெடைக்கிறானா?”

மானாமதுரை

கல்லல், சிவகங்கை வழியாகப் பயணிகள் ரயில். தைலமரக் காடு முடிந்து சீமைக்கருவேலம் ஆரம்பிக்கிறது. கண்மாய்களில் பாதி வெள்ளைத் தரை. எங்கள் பக்கம் ஏரிக்கரையில் நின்றால் மறுகரையில் கம்பெனிக் கூரை தெரியும். இங்கே மறுகரையில் வானம்தான். நிலம் இவ்வளவு சும்மாக் கிடக்கிறதே, எங்கள் சம்பா வயலை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கலாமே என்று ரயிலில் தோன்றியது. இங்கேயும் வந்திருக்கிறார்கள். மானாமதுரையில் பல ஆண்டுகளாகவே சிப்காட் இருக்கிறது. ஆனால் முதலாளிக்குத் துறைமுகமும் விமான நிலையமும் பக்கத்தில் வேண்டும். அதனால்தான் சும்மாக் கிடக்கிற நிலம் சும்மாவே கிடக்கிறது, விளைகிற நிலத்துக்கு நோட்டீஸ் வருகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு ஏகனாபுரம் ஏன் வேண்டும், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மேல்மா ஏன் வேண்டும் என்பதற்கும் இதே விடைதான். மேல்மாவில் எதிர்த்த விவசாயிகளில் 7 பேர் மீது 2023-இல் குண்டர் சட்டமே பாய்ந்தது. ஊர் உலகம் திட்டிய பிறகு பின்வாங்கினார்கள்.

குயவர் தெருவில் கடம் செய்யும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டம்மா மண்ணைத் தட்டுப்பலகையால் தட்டிக்கொண்டே பேசினார். சுருதிக்குத் தக்கபடி கனம் வைக்க ஆயிரக்கணக்கான தட்டு தட்ட வேண்டும். பக்கத்தில் அவர் தம்பி மகன், டிப்ளமோ முடித்தவன், போனில் வேலை தேடிக்கொண்டிருந்தான். நான் எந்த ஊர் என்று தெரிந்ததும் அவன் கண் விரிந்தது.

“ஒரகடமாண்ணே? அங்க எல்லாக் கம்பெனியும் இருக்கே! என் செட்டுல ஆறு பேரு அங்கதான் இருக்காங்க.”

“இருக்கு. எங்க ஊர்ப் பையன் ஒருத்தனும் பர்மனென்ட் இல்ல.”

“எப்பிடிண்ணே? நிலம் குடுத்தவங்களுக்கு வேலைன்னு எழுதி வாங்கலியா?”

வாயால் சொன்னார்கள், எழுதவில்லை. என் தம்பி கான்ட்ராக்டில் உள்ளே போய், பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, திரும்ப உள்ளே போகிறான். நிலம் போன தெருவில் மேஸ்திரி ஆனவர்கள் உண்டு, வாடகைக்கு ரூம் கட்டி விட்டுப் பிழைத்துக்கொண்டவர்கள் உண்டு, வந்த பணத்தில் கார் வாங்கி அந்தக் காரையும் விற்றவர்கள் உண்டு. கம்பெனி வந்ததே தப்பு என்று எங்கள் தெருவில் ஒருவரும் சொல்ல மாட்டார். அவரவர் வீட்டிலும் சம்பளம் வருகிறது. ஆனால் சீர் கொடுத்தது தாங்கள்தான் என்பது எந்தக் கல்வெட்டிலும் இல்லையே என்ற எரிச்சல் இருக்கிறது. திறப்புவிழாக் கல்லில் அமைச்சர் பெயர், நிறுவனத் தலைவர் பெயர். காரைக்குடியில் கொடுத்தவர் பெயரில் பல்கலைக்கழகமே நிற்கிறது. கொடுத்தவர் ஒருவராக இருந்தால் பெயர் வைக்கலாம். ஐந்நூறு பேரிடம் எடுத்தால் சர்வே எண்தான் மிச்சம்.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. சிங்கூரில் 997 ஏக்கர் எடுத்தார்கள், நானோ கார் 2008-இல் குஜராத்துக்குப் போய்விட்டது, நிலத்தைத் திருப்பிக் கொடு என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று. அதற்குள் வயலில் கான்கிரீட். அமெரிக்காவில் நியூ லண்டன் என்ற சிறு நகரம், ஃபைசர் மருந்துக் கம்பெனியின் ஆய்வு மையத்தை ஒட்டி வளர்ச்சி வரும் என்று குடியிருந்த வீடுகளை எடுத்தது. எடுக்கலாம் என்று 2005-இல் அவர்கள் உச்சநீதிமன்றமும் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. 2009-இல் ஃபைசர் கிளம்பப்போவதாக அறிவித்தது. வீடுகள் இருந்த இடத்தில் அப்போது புல் முளைத்திருந்தது. 2017-இல் அமேசான் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 ஊர்கள் வரிசையில் நின்று என்ன வேண்டும் என்று கேட்டன. மேயர்கள் கேட்டார்கள், வரி கட்டுகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

அழகப்பர் கொடுத்ததும் இந்தப் பந்தயத்தின் ஒரு வடிவம்தான், மறுக்க முடியாது. அவரும் பெரிய நிறுவனத்துக்கு ஆசை காட்டித்தான் இழுத்தார். ஆனால் தூண்டிலில் கோத்தது தன் சொத்து. வந்த லாபம் ஊருக்கு. எங்கள் பக்கத்தில் கோத்தது நைனாவின் சம்பா வயல், கோத்தவர் கோட்டையில் இருந்தார், மீன் எங்கோ போய்விட்டது. அதனால்தான் காரைக்குடி மதிலைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது.

தட்டுப்பலகைச் சத்தம் நின்றது. அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டே, “எங்களுக்குக் கம்மாயில மண்ணு அள்ளவே தாசில்தாரு ஆபீசுக்கு நடக்கணும். கம்பெனிக்குன்னா எப்பிடித் தம்பி அவ்வளவு ஏக்கரும் ஒரே நாள்ல சரியாகுது?” என்றார். பையன் குறுக்கே வந்தான். “அத்தே, நீ சும்மா இரு. அண்ணே, இந்தப் பக்கமும் கம்பெனிக்கு நிலம் எடுக்கப் போறதாப் பேச்சு இருக்கு. எங்களுக்கு மூணு ஏக்கரு புஞ்சை. வந்தா விட்றலாமா?”

விடலாமா கூடாதா என்று நான் சொல்லப் போவதில்லை என்றேன். நோட்டீஸ் வருவதற்குள் செய்ய வேண்டியதை மட்டும் சொன்னேன். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார். தாத்தா பெயரிலேயே கிடந்தால், அல்லது கூட்டுப்பட்டாவில் பங்காளிகளுக்குள் தகராறு இருந்தால், இழப்பீட்டுப் பணம் உங்கள் கைக்கு வராது. கோர்ட்டில் கட்டிவிடுவார்கள், அதை எடுக்க ஒரு தலைமுறை ஆகும். எங்கள் தெருவிலேயே அப்படிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களின் நகலை வாங்கி வை. வழிகாட்டி மதிப்பு ஒன்றாக இருக்கும், நடந்த விலை வேறாக இருக்கும். கிணறு, பனைமரம் ஒன்றுவிடாமல் அடங்கலில் ஏற்று. வேலை தருகிறேன் என்று சொன்னால் யார் சொன்னது, எத்தனை பேருக்கு, எந்தச் சம்பளத்துக்கு என்று தாளில் கேள். கிராமசபையில் தீர்மானம் போடு. சட்டப்படி அது அவர்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், கோர்ட்டுக்குப் போனால் காட்ட ஒன்று இருக்கும்.

அவன் போனில் டைப் செய்துகொண்டான். “பனமரம் பதினாலு இருக்கு” என்றான். பிறகு எழுந்து திண்ணையை விட்டு இறங்கி, சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டான். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று அவன் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தபோது நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.